நோயாளியின் வாழ்வுக்குத் தரம் இடுபவர் யார்?



நோயுற்றோர்க்கு நற்கருணை வழங்கவோ, நோயில் பூசுதல் அளிக்கவோ குருக்கள் இல்லங்களுக்குச் செல்லும்போது, பெரும்பாலும் வாசற்படியிலேயே தாழ்ந்த குரலில் ஒரு வினா எழுவதுண்டு. "இன்னும் எத்தனை நாளைக்குச் சாமி இப்படியே கிடப்பார்? இதுவும் ஒரு வாழ்க்கையா?" இப்படிக் கேட்பவர் கல்நெஞ்சர் அல்லர். பல இரவுகள் கண்விழித்த மகளோ மருமகளோ மனைவியோதான் இதைக் கேட்கிறார். ஆகவே இவ்வினாவைக் கண்டித்து ஒதுக்குவது எளிது என்றாலும் அது நேர்மையாகாது.

ஆராய்ந்து பார்த்தால் இவ்வொரு வினாவுக்குள் இரண்டு வினாக்கள் ஒளிந்திருக்கக் காணலாம். "இவருடைய வாழ்வு இன்னும் சற்று நன்றாக அமைய நாம் என்ன செய்யலாம்?" என்பது ஒன்று. "இவர் இனியும் வாழத்தான் வேண்டுமா?" என்பது மற்றொன்று. முன்னது செவிலியின் வினா. பின்னது தீர்ப்பிடுவோனின் வினா. இன்று மருத்துவமனைகளில் பெருவழக்காகிவிட்ட 'வாழ்க்கைத் தரம்' என்னும் சொற்றொடர் இவ்விரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. இம்மாதம் அம்மூட்டையை அவிழ்த்துப் பார்ப்போம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'தரம்' என்பது நமக்குக் கடைத்தெருவிலிருந்து பழக்கமான சொல். அரிசியில் முதல் தரம், இரண்டாம் தரம். துணியில், பஞ்சில், புகையிலையில் தரம். தரம் பார்க்கும் கை, கழிப்பதற்காகவே பார்க்கிறது. 'வாழ்க்கைத் தரம் உயர்ந்தது' என்று செய்தித்தாள் எழுதினால் வருமானமும் வீடும் மின்விளக்கும் பெருகின என்று பொருள் கொள்கிறோம். அதே சொல் நோயாளியின் கட்டிலருகே வரும்போது, கடைத்தெருவின் பழக்கத்தையும் உடன் கொண்டுவந்துவிடுகிறதோ என்று நாம் ஐயுறுகிறோம்.

இச்சொல் மருத்துவத்துள் நுழைந்த வரலாறு இழிவானதன்று. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் டேவிட் கார்னாஃப்ஸ்கி என்னும் மருத்துவரும் அவருடன் பணியாற்றியோரும் புற்றுநோயாளர்க்குப் புதிய மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தனர். கட்டி சுருங்கியது, ஆனால் மனிதனுக்கு அதனால் என்ன நன்மை? கட்டி சுருங்கியும் அவன் எழுந்து நடக்க முடியாது கிடந்தால் அம்மருந்தை வெற்றி எனலாமா? நல்ல கேள்விதான். அதற்கு விடை காண அவர்கள் ஓர் அளவுகோல் வகுத்தனர். யாதொரு குறையுமின்றி நடமாடுபவர்க்கு 100. தம்மைத் தாமே கவனித்துக்கொண்டாலும் தொழில் செய்ய இயலாதவர்க்கு 70. அவ்வப்போது பிறர் உதவி தேவைப்படுபவர்க்கு 60. மிகுந்த உதவியும் அடிக்கடி மருத்துவமும் வேண்டியவர்க்கு 50. இப்படியே படிப்படியாக இறங்கி, இறந்தவர்க்கு 0. இன்றும் புற்றுநோய்ப் பிரிவுகளில் இவ்வளவுகோல் பயன்படுகிறது. மருந்தின் பயனைக் காண அது உதவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 70க்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு படியிலும் எது கூடிக்கொண்டே போகிறது? பிறர் கை கூடுகிறது. பிறர் உதவி எவ்வளவு வேண்டியிருக்கிறதோ, அவ்வளவுக்கு எண் குறைகிறது. மருத்துவக் குறிப்பாக மட்டும் இருந்தால் இதில் தவறில்லை. மருத்துவமனைச் சுவரைத் தாண்டி நம் உள்ளத்துள் புகும்போதோ, அது 'பிறரை அண்டி வாழும் வாழ்வு குறைந்த வாழ்வு' என்னும் கொள்கையாக மாறிவிடுகிறது.

இக்கொள்கை புதிதன்று. கிரேக்க மேதை அரிஸ்டாட்டில் மனித இன்பத்தைப் பற்றி எழுதும்போது, நோய்வாய்ப்பட்டவன் உடல்நலமே இன்பம் என்பான், வறியவன் செல்வமே இன்பம் என்பான் என்று மக்களின் மாறும் மனத்தை அழகாக எடுத்துக்காட்டினார். உணர்ச்சியைவிட, நற்செயல் புரிந்து நிறைவுற வாழ்வதே நல்வாழ்வு என்று நிறுவினார். குருமடங்களில் பயின்றோர் யாவரும் இதனைப் படித்துப் போற்றியவர்களே. ஆனால் அவர் தீட்டிய பெருந்தகையாளன், பிறர்க்கு நன்மை செய்வதில் மகிழ்வான். பிறரிடமிருந்து நன்மை பெறுவதற்கோ நாணுவான். தான் செய்த உதவிகளை நினைவில் வைப்பான், பெற்றவற்றை மறப்பான். அலஸ்டைர் மெக்கின்டயர் என்னும் தத்துவ அறிஞர் 1999இல் வெளியிட்ட நூலொன்றில் இவ்விடத்தைச் சுட்டிக்காட்டி, மேலை நாட்டுத் தத்துவம் குழந்தையையும் நோயாளியையும் ஊனமுற்றவரையும் முதியவரையும் பெரும்பாலும் பிறரைப் பற்றிய செய்தியாகவே பேசி வந்துள்ளது என்று குறை கூறினார். நாம் எல்லாரும் பிறர் மடியில் தொடங்கினோம். பலர் பிறர் கையில் முடிவோம். இடைப்பட்ட சில பத்தாண்டுகள் மட்டும் எவர் உதவியுமின்றி நடக்கிறோம் என்பதற்காக, அந்தச் சில ஆண்டுகளையே மனித வாழ்வின் இலக்கணமாகக் கொள்வது எங்ஙனம்?

இன்பமே அளவு என்று பெந்தாம் முதலியோர் கூறினர். துன்பத்தைக் கழித்து இன்பத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வாழ்வின் மதிப்புத் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. அதன் வழித்தோன்றலாகிய பொருளியல் அறிஞர்கள், முழு நலத்துடன் வாழும் ஓராண்டுக்கு 1 என்றும், சாவுக்கு 0 என்றும், நோயுற்று வாழும் ஆண்டுக்கு இடைப்பட்ட பின்னம் என்றும் மதிப்பிட்டு, எந்த மருந்துக்கு அரசுப் பணத்தைச் செலவிடலாம் எனக் கணக்கிடுகின்றனர். இங்கிலாந்தில் இம்முறை நடைமுறையில் உள்ளது. இருக்கும் பணத்தைப் பங்கிட ஏதேனும் ஓர் அளவு வேண்டும் என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் முன்பே ஊனத்தால் வருந்துபவரின் ஓராண்டு பிறர் ஓராண்டைவிடக் குறைவாக எண்ணப்பட்டால், அவர் இருமுறை இழப்பவராகிறாரே என்று அங்குள்ள அறிஞர்களே கேட்டிருக்கிறார்கள். அவ்விவாதம் நீளமானது, அதனை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

நமக்கு இன்னும் நெருக்கமான கேள்வி ஒன்று உண்டு. ஒருவருடைய வாழ்வு எவ்வாறு இருக்கிறது என்று சொல்ல உரிமையுள்ளவர் யார்? மருத்துவரா, உறவினரா, நோயாளியேயா?

உலக நலவாழ்வு நிறுவனம் 1990களில் இதற்கென ஒரு வினாத்தாள் தயாரித்தது. ஒரே நாட்டில் எழுதி மற்ற நாடுகளுக்கு மொழிபெயர்த்து அனுப்பும் வழக்கத்தை விட்டு, உலகில் 15 இடங்களில் ஒரே காலத்தில் மக்களைக் கூட்டிவைத்துக் கேட்டு இதனை உருவாக்கினர். அவ்விடங்களில் நம் சென்னையும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது. ஒருவர் தம் பண்பாட்டுக்கும் மதிப்பீடுகளுக்கும் இடையே நின்று, தம் குறிக்கோள்களையும் கவலைகளையும் முன்வைத்து, தம் நிலையைத் தாமே எப்படிக் காண்கிறார் என்பதே வாழ்க்கைத் தரம் என்று அந்நிறுவனம் வரையறுத்தது. உடல், மனம், உறவு, சுற்றுச்சூழல் ஆகியவற்றோடு இறைப்பற்றையும் தனிப்பட்ட நம்பிக்கைகளையும் பற்றிய வினாக்கள் அதில் இடம்பெற்றன. அமெரிக்கச் செவிலியக் கல்வியாளர் ரோஸ்மேரி பார்சே 1981இலேயே இதைவிடத் துணிவாக எழுதத் தொடங்கினார். தம் வாழ்வின் தரத்தை வாழ்பவரே அறிவார்; செவிலி அதனை அளக்க வந்தவரல்லர், உடனிருக்க வந்தவர் என்பது அவர் கொள்கையின் சாரம்.

இதில் பெரும் உண்மை உண்டு. 1999இல் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்னும் இரு ஆய்வாளர்கள் உடல் ஊனமுற்ற 153 பேரிடம் நேரில் பேசினர். பார்ப்பவர் கண்ணுக்குத் துயரமாகவே தோன்றும் வாழ்வினர் அவர்கள். ஆயினும் கடும் ஊனமுற்றோருள் பாதிக்கு மேற்பட்டோர் தம் வாழ்வு நன்றாக அல்லது மிக நன்றாக இருப்பதாகக் கூறினர்! வெளியிலிருந்து பார்ப்போர், தாம் அந்நிலையில் இருந்தால் எவ்வளவு துன்புறுவோம் என்று எண்ணி அதையே நோயாளியின் தலையில் ஏற்றிவிடுகின்றனர். நம் இல்லங்களிலும் இது நாள்தோறும் நிகழ்வதே. "ஐயோ பாவம்" என்று நாம் சொல்லும்போது, அந்தப் பாவம் யாருடையது என்று கேட்டுக்கொள்வது நலம்.

ஆனால் அவர் சொல்வதே முடிந்த முடிபு என்று நின்றுவிடலாமா? அமர்த்தியா சென் தம் எழுத்துகளில் எடுத்துக்காட்டிய ஒரு கணக்கெடுப்பை வாசகர் கவனிக்க வேண்டும். வங்காளப் பெரும் பஞ்சத்துக்கு மறு ஆண்டு, 1944இல், கல்கத்தாவை அடுத்த சிங்கூரில் மனைவியை இழந்த ஆண்களிடமும் கணவனை இழந்த பெண்களிடமும் உடல்நலம் பற்றி வினவினர். ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தாம் நோயுற்றிருப்பதாகவோ நலம் குன்றியிருப்பதாகவோ கூறினர். பெண்களில் அவ்வாறு கூறியவர் வெறும் 2.5 விழுக்காட்டினரே. பஞ்சம் அப்பெண்களை விட்டுவைத்துவிட்டதா? இல்லை. குறைசொல்ல உரிமை உண்டு என்பதையே அவர்கள் அறிந்திருக்கவில்லை.

சிங்கூருக்குப் போக வேண்டியதில்லை. "எனக்கென்ன ஐயா, நன்றாகத்தான் இருக்கிறேன், பிள்ளைகளுக்குத்தான் சிரமம்" என்று சொல்லும் பாட்டிமார் நம் பங்குகளில் எத்தனை பேர்! ஈரத் துணி மாற்றப்படாமல் நான்கு மணி நேரம் கிடந்தவரும் இதையேதான் சொல்வார். வினாத்தாளில் அவர் விடை 'நன்று' என்றே பதிவாகும். தேர்ந்த செவிலி அவ்விடையைக் கேட்டுக்கொண்டே போர்வையைச் சற்று விலக்கிப் பார்ப்பார். நோயாளியின் சொல்லுக்கு மேல் தம் தீர்ப்பை ஏற்றாமலும், அச்சொல்லோடு தம் கடமை முடிந்ததென்று எண்ணாமலும் இருப்பது செவிலியக் கலை. இதனை எந்தத் தத்துவ ஆசிரியரும் இவ்வளவு நுட்பமாகக் கற்பித்ததாக நாம் அறியோம்.

சரி, சொல்லே இல்லாதவர் நிலை என்ன? கேட்டாலும் விடை கூற இயலாதவரின் வாழ்வுக்கு யார் பேசுவது? நம் நாட்டில் இக்கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அதன் நடுவில் படுத்திருந்தவர் ஒரு செவிலி.

கர்நாடகக் கடற்கரையிலுள்ள ஹல்திப்பூரைச் சேர்ந்த அருணா ஷான்பாக், மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பணிபுரிந்தார். 1973 நவம்பர் 27ஆம் நாள் மாலை, அம்மருத்துவமனையின் பணியாளன் ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை இறுக்கிக் கொடுந்தாக்குதல் நடத்தினான். மறுநாள் காலையில்தான் அவரைக் கண்டெடுத்தனர். மூளைக்கு உயிர்க்காற்றுச் செல்லாமையால் அவர் மீண்டும் பேசவும் நடக்கவும் இல்லை. அன்றுமுதல் அம்மருத்துவமனையின் நான்காம் எண் வார்டை ஒட்டிய அறையே அவருக்கு வீடாயிற்று. 1980களில் அவரை வேறிடத்துக்கு மாற்ற மாநகராட்சி முயன்றபோது செவிலியர் எதிர்த்து நின்று தடுத்தனர்.

அவரைப் பற்றி 1998இல் நூலெழுதிய பிங்கி விரானி என்னும் பத்திரிகையாளர், 2009இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அருணாவுக்கு உணவூட்டுவதை நிறுத்தி அமைதியாக இறக்கவிட வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். நீதிமன்றம் மூன்று மருத்துவர்களை அமர்த்திப் பார்வையிடச் செய்தது. 'நிலைத்த தாவர நிலை' என்று மருத்துவம் சொல்லும் நிலையின் பெரும்பாலான அறிகுறிகள் அவரிடம் இருந்தன; ஆனால் மூளைச்சாவு இல்லை. மருத்துவமனை தன் பதிலில், தாங்கள் இறுதிவரை அவரைப் பராமரிப்போம் என்றது. 2011 மார்ச் 7ஆம் நாள், நீதியரசர்கள் மார்க்கண்டேய கட்ஜு, ஞான் சுதா மிஸ்ரா ஆகியோர் மனுவைத் தள்ளினர். அருணாவுக்காகப் பேசும் உண்மை நட்புரிமை நூலாசிரியருக்கன்று, இத்தனை ஆண்டுகள் அவரைத் தாங்கிய மருத்துவமனைப் பணியாளருக்கே என்றனர். அதே தீர்ப்பில், வேறு சில நோயாளர்க்கு உயர் நீதிமன்ற இசைவோடு உயிர்காக்கும் மருத்துவத்தை விலக்கிக்கொள்ள வழியும் வகுத்தனர். 2018இல் ஐந்து நீதியரசர் அமர்வு அவ்வழியை மேலும் விரித்து, ஒருவர் தம் இறுதிக்கால மருத்துவம் குறித்து முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் ஏற்றது. அருணா 2015 மே 18ஆம் நாள் நுரையீரல் அழற்சியால் காலமானார். ஏறத்தாழ 42 ஆண்டுகள்.

மேற்சொன்ன மருத்துவர் அறிக்கையில் ஒரு சிறு செய்தி உண்டு. அதை வாசித்தபோது நாம் நெடுநேரம் அதிலேயே நின்றுவிட்டோம். 37 ஆண்டுகள் படுக்கையில் கிடந்த அவர் உடலில் படுக்கைப் புண் இல்லை. படுத்த நோயாளியை வைத்துப் பார்த்தவர்க்கே இதன் பொருள் விளங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பகலும் வேண்டும், இரவும் வேண்டும், தீபாவளி அன்றும் வேண்டும். ஈரம் தங்கக் கூடாது. விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது. இடுப்பெலும்பு, குதிகால், தோள்பட்டை ஆகியவற்றை நாள்தோறும் பார்க்க வேண்டும். இதைச் செய்த கைகள் ஒருவருடையவை அல்ல. 2011இல் அவருக்குப் பணிசெய்த செவிலியருள் பலர் அவர் பேசிக் கேட்டவரே அல்லர். சிலர் 1973இல் பிறந்தவர்கூட அல்லர். ஒரு தலைமுறை தன் பணியை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தது.

பிங்கி விரானி அம்மையாரை நாம் குறைகூறவில்லை. அவரும் இரக்கத்தாலேயே கேட்டார். செவிலியரின் அன்பு, அருணாவின் விருப்பத்துக்குச் சான்றாகாது என்னும் வாதத்துக்கு எளிதில் விடை கூற முடியாது. அவரை ஒருவராலும் கேட்க இயலவில்லை. ஆனால் இங்கேதான் நாம் தொடக்கத்தில் பிரித்த இரண்டு வினாக்களும் தெளிவாகத் தனித்து நிற்கின்றன. 'இவர் வாழ வேண்டுமா?' என்னும் வினாவுக்கு மும்பையில் எவரிடமும் உறுதியான விடையில்லை. 'இன்று இவருக்கு என்ன செய்யலாம்?' என்னும் வினாவுக்கோ ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் விடையிருந்தது. பின்னது, முன்னதன் விடைக்காகக் காத்திருக்கவில்லை.

'தாவர நிலை' என்ற சொல்லையும் விட்டுவிட மனமில்லை. அது மருத்துவச் சொல்தான். எனினும் மனிதரைக் குறிக்க அது தகுமா என்று திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 2004 மார்ச்சில் மருத்துவர் கூட்டமொன்றில் வருந்திக் கூறினார். உணர்வற்றுக் கிடப்பவரும் மனிதரே, ஒருபோதும் தாவரம் ஆவதில்லை என்பது அவர் உரையின் கருத்து.

இவ்வாறு கூறுவதால், திருச்சபை எல்லாக் கருவிகளையும் எல்லா நோயாளர் மீதும் பூட்டச் சொல்கிறது என எவரும் எண்ணிவிடக் கூடாது. இதில் நம் பங்கு மக்களிடையே பெருங்குழப்பம் நிலவுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நகையை அடகு வைத்து, நிலத்தை விற்று, 'நிறுத்தினால் பாவமாகுமோ' என்று அஞ்சியே தொடர்பவரை நாம் கண்டிருக்கிறோம். 1957 நவம்பரிலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்கமருந்து மருத்துவர்களிடம் தெளிவாகக் கூறினார்: தமக்கோ பிறர்க்கோ பெருஞ்சுமை ஆகாத வழக்கமான வழிகளைக் கைக்கொள்வதே கடமை, அதற்கு மேற்பட்டவை கடமையல்ல. அமெரிக்காவில் 1975இல் நினைவிழந்த கேரன் குயின்லன் என்னும் 21 வயதுப் பெண்ணின் கத்தோலிக்கப் பெற்றோர் இப்போதனையை நம்பியே, மூச்சுக் கருவியை அகற்ற நீதிமன்றத்தில் இசைவு கேட்டனர். 1976 மார்ச்சில் இசைவு கிடைத்தது, கருவி அகற்றப்பட்டது. அவரோ தாமாகவே மூச்சுவிட்டு 1985 ஜூன் வரை வாழ்ந்தார்! பெற்றோர் உணவை நிறுத்தச் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது மகளின் சாவை அன்று. ஒரு கருவியின் சுமை நீங்குவதையே. சிகிச்சை பயன் தருகிறதா, சுமையாகிறதா என்று எடைபோடலாம், போடவும் வேண்டும். எடைபோடப்படுவது சிகிச்சை, நோயாளி அல்லர்.

வலியைக் குறித்தும் இவ்விடத்தில் சொல்லிவிடுவோம். வலியைப் பொறுத்துக் கிடப்பதே புண்ணியம் என்று நோயாளிக்கு உபதேசிக்கும் உறவினர் நம்மிடையே உளர். வலி தம்முடையதாய் இருந்தால் உபதேசம் சற்றுச் சுருங்கும். அதே பத்திநாதர் 1957 பிப்ரவரியில், வலிதீர்க்கும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடும் எனினும், வலி தீர்க்கும் நோக்கத்தோடு அதனைக் கொடுக்கலாம் என்றார். லண்டனில் 1967இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியாக இருந்தவர், பின்னரே மருத்துவரானார். நோயாளி வலியால் கதறும்வரை காத்திராமல், மணிக்கணக்குப்படி முன்னதாகவே மருந்து கொடுப்பதை அவர் வழக்கமாக்கினார். நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் மார்ஃபின் மருத்துவமனைகளிலேயே அரிதாயிற்று; 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. ஆகவே இறுதி நிலைப் புற்றுநோயாளியை வைத்திருக்கும் இல்லத்தார், வலிதணிப்பு மருத்துவம் எங்கே கிடைக்கும் என்று தங்கள் மருத்துவரை வற்புறுத்திக் கேட்கலாம்.

இனி, வாசற்படியில் வினவிய அம்மகளிடம் வருவோம். கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியர் முறைவைத்து மாறினர். இல்லத்திலோ மாற்றாள் இல்லை. திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக்கினார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அம்மருந்தை அருகிருந்து கொடுப்பவர். நான்கில் ஒரு பங்கை அருகிருப்பவருக்கு அளித்த அவ்வறிஞரை எண்ணி வியக்கிறோம். நாமோ மருத்துவருக்குக் கட்டணமும் மருந்துக்கு விலையும் தயங்காது கொடுத்துவிட்டு, நான்காமவருக்குக் கூலியைக் குறைக்கிறோம். அவர் வீட்டுப் பெண்ணாக இருந்துவிட்டால் நன்றிகூடச் சொல்வதில்லை. கடும் அறிவுக் குறைபாடுடைய மகளை வளர்த்த ஈவா கிட்டே என்னும் தத்துவ ஆசிரியை, 1999இல் எழுதிய நூலில், பிறரைத் தாங்குபவரையும் ஒருவர் தாங்க வேண்டும், அது தயவன்று, நீதி என்று வாதிட்டார். தாங்குபவரின் வாழ்க்கைத் தரத்தை எந்த வினாத்தாளும் கேட்காவிட்டால், நோயாளியின் தரத்தைப் பற்றிப் பேசுவதே வீண். முதுகு ஒடிந்து, உறக்கம் கெட்டு, மனம் கசந்த கைகள் நோயாளியின் உடலைத் தொடும்போது அக்கசப்பும் உடன் சேர்ந்தே தொடும்.

அந்தத் தாழ்ந்த குரலைப் பற்றியும் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் எழுதிய குறிப்புகளில் கண்டித்திருக்கிறார். நோயாளியைப் பற்றி அறைக்கு வெளியே கிசுகிசுப்பது பெருங்கொடுமை என்றார். அவர் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார், முழுதும் கேட்காது, கேட்டது அச்சுறுத்தும். பார்க்கச் செல்வோர் நோயாளியின் கண்ணுக்கு நேரே, அவர் கழுத்தைத் திருப்ப வேண்டாதபடி உட்கார வேண்டும் என்றும் எழுதினார். இவை சிறியனவாகத் தோன்றலாம். வர்ஜீனியா ஹெண்டர்சன் என்னும் செவிலிப் பேராசிரியை, நோயாளிக்கு வலிமையோ அறிவோ இருந்தால் தாமே செய்துகொள்வதை அவருக்காகச் செய்வதே செவிலியம் என்று கூறி, 14 தேவைகளைப் பட்டியலிட்டார். மூச்சு, உணவு, கழிவு, உறக்கம், உடை, தூய்மை என்று தொடங்கும் அப்பட்டியலில் 11ஆவது, தம் நம்பிக்கைப்படி இறைவனை வழிபடுதல். நாம் 11ஆவதுக்காக மட்டும் வருகிறோம்; மற்றப் 13ஐயும் செய்பவர் அடுக்களையில் நின்றுகொண்டிருக்கிறார்.

கேரளத்தில், கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிதணிப்புப் பணி, பின்னர் ஊர் மக்களே கூடி நடத்தும் பணியாகப் பரவியது. மருத்துவர் வருவது சிறிது நேரமே. பயிற்சி பெற்ற அண்டை வீட்டார் வாரந்தோறும் வருகிறார்கள். குளிப்பாட்டுகிறார்கள், புண்ணைக் கழுவுகிறார்கள், அரிசி வாங்கிக் கொடுக்கிறார்கள், உட்கார்ந்து பேசுகிறார்கள். சாதியும் சமயமும் அங்கே வினாவல்ல. நம் மறைமாவட்டப் பங்குகளில் அன்பியங்களும் மாதர் சங்கங்களும் வின்சென்ட் தே பவுல் சபையும் இருக்க, இதைத் தொடங்கப் புதிதாகச் சங்கம் வேண்டியதில்லை.

ஒவ்வொரு அன்பியத்திலும் படுக்கையில் இருப்போர் பெயர்ப் பட்டியல் உண்டு. நற்கருணை கொண்டுசெல்வதற்காக அது வைக்கப்பட்டுள்ளது. அதன் எதிர்ப் பக்கத்தில், அவர்களைப் பார்த்துக்கொள்வோர் பெயரையும் எழுதிவைத்தால் என்ன? ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் அக்கட்டிலருகே உட்கார ஒருவர் முன்வந்தால், பல ஆண்டுகளாகத் திருப்பலிக்கு வராத அந்த மருமகள் வரலாம்; வர விரும்பாவிட்டால் உறங்கலாம். எந்தப் பக்கம் புரட்ட வேண்டும், எந்நேரம் புரட்டினார்கள் என்பதை மட்டும் போகும்போது அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.